மாமா போன பதினாறு நாள்

ஆகஸ்ட் 12, 2024

நேத்து விடிகாலை மூணரை மணிக்கு மாமா போயிட்டாரு. 81 வயசு. எல்லாரும் கத்தி அழுதுட்டு இருக்கப்ப நான் போயி ஃபேன ஆஃப் பண்ணேன், மருமக செஞ்ச முத காரியம் அதுதான். அவரே சொல்லிக் குடுத்த பாடம், கண் தானம் குடுக்கணும்னா ஃபேன் ஓடக்கூடாது, காத்துல கருவிழி காஞ்சு போயிரும், இமைய மூடி ஈரப் பஞ்சு வைக்கணும், தலைக்கு தலகாணி குடுத்து கொஞ்சம் தூக்கி வைக்கணும், ஆறு மணி நேரத்துக்குள்ள எடுத்துரணும்னு. பெரியம்மா ஒருத்தங்க "இந்த புழுக்கத்துல கிடத்திருக்கீங்களே, காத்தாடிய போடுங்கடி"ன்னு நாலு தடவ சுவிட்ச் பக்கம் போனாங்க. நான் சுவரோட சுவரா நின்னு காவல் காத்தேன். மதுரைல இருந்து கண் வங்கி ஆளுங்க வர அஞ்சரை ஆச்சு. இவரு கையெழுத்து போட்டாரு, எழுத்து கோணிக்கிட்டு போச்சு. இருபது நிமிசம், அவ்வளவுதான். முகத்துல ஒரு மாத்தமும் இல்ல, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கண்ணயர்ந்த மாதிரியே இருந்தாரு. ஐஸ் பெட்டி உள்ள வந்தப்பதான் எனக்கு அழுகையே வந்துச்சு.

ஆகஸ்ட் 15

தூக்கம் வரல, எழுதுறேன். மாமா திருமங்கலத்துல போஸ்ட்மேனா இருந்தவரு. அப்ப தந்தியும் அவர்தான் கொண்டு போவாராம், நேரங்கெட்ட நேரத்துல சைக்கிள் தெருமுனை திரும்புச்சுன்னாலே பொம்பளைங்க நெஞ்சுல கைய வச்சுக்குவாங்களாம். ரிட்டையர் ஆனதும் சும்மா இருந்திருக்கலாம்ல? கண் புரை விழுந்த கிழவன் கிழவிங்கள கேம்ப்புக்கு கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சு, அப்புறம் சாவு வீட்டுக்குப் போயி கண்ணு கேக்குற வரைக்கும் வந்துட்டாரு. டிவிஎஸ் 50 சத்தம் கேட்டா மறுபடியும் ஊரு பயந்துச்சு. "தந்தியவே 2013ல நிறுத்திட்டாங்க, என்னைய இன்னும் யாரும் நிறுத்தல"ம்பாரு. ரெஸ்ட் எடுங்கன்னு யாராச்சும் சொன்னா மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி கதைதான். டாக்டர் வெங்கடசாமி 58 வயசுல ரிட்டையர் ஆகி 1976ல வெறும் 11 பெட்டோட ஆஸ்பத்திரி ஆரம்பிச்சாரு, வாதத்துல வளஞ்ச விரல வச்சு ஆபரேஷன் பண்ணாரு, "எனக்கு விரலு நேராத்தான இருக்கு"ன்னு மாமா பத்தையும் விரிச்சுக் காட்டுவாரு.

வீட்டுக்கு அவரு லேட்டுதான். என் மகனுக்கு காது குத்துறப்ப தாய்மாமன் மடில புள்ள கத்திக்கிட்டு இருக்கு, தாத்தாவ காணோம், எங்கன்னா பக்கத்து ஊரு சாவுக்கு. அத்தை ஒரு வாரம் பேசல. ஆனா அன்னைக்கு ராத்திரி புள்ள தூங்குற வரைக்கும் தோள்ல போட்டுட்டு வாசல்ல நடந்தவரும் அவருதான். அதயும் எழுதணும்ல.

ஆகஸ்ட் 19

அத்தை கேட்டாங்க, "யாருக்கு வச்சாங்கன்னு கேளேன், ஒருக்கா போயி பாத்துட்டு வந்துருவேன்". சொல்ல மாட்டாங்க அத்தைன்னேன். முழுக் கண்ணையும் வைக்க மாட்டாங்க, மேல இருக்க கருவிழியத்தான் மாத்துவாங்க, ரெண்டு பேருக்கு ஒவ்வொண்ணு போகும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அவருக்கு சுகரு, பிபி, புரை ஆபரேஷனும் பண்ணிருக்கே, எடுத்துக்குவாங்களா?"ன்னாங்க. அதெல்லாம் தடையில்ல. இந்த ஒரே கேள்விக்கு மாமா எத்தன வீட்டுத் திண்ணைல பதில் சொல்லிருப்பாரோ, சொந்த வீட்ல யாரும் கேட்டதே இல்ல.

ஆகஸ்ட் 23

பீரோவுல நீள நோட்டு கிடைச்சுச்சு. தேதி, தெரு, வீட்டு அடையாளம். குடுத்த வீட்டுக்கு டிக், குடுக்காத வீட்டுக்கு பென்சில்ல ஒரு புள்ளி. புள்ளிதான் ஜாஸ்தி. ஒரு வீட்ல சட்டையப் பிடிச்சு தள்ளிவிட்டாங்கன்னு தெரியும், அந்தப் பக்கத்த தேடுனேன், அதுக்கும் வெறும் புள்ளி. கீழ "16ஆம் நாள் போனேன், சாப்பிட்டேன்"னு இருந்துச்சு. கோவமே வராதா இந்த மனுசனுக்கு? எனக்கு வந்துச்சு.

ஆகஸ்ட் 26

இன்னைக்கு பதினாறு. பந்தி நடந்துட்டு இருக்கப்ப மாமா போன் அடிச்சுச்சு. ரெண்டு தெரு தள்ளி ஒரு பெரியவரு இறந்துட்டாராம், போஸ்ட்மேன் அய்யா இருக்காரான்னு பேரன் கேட்டான். இவரு வேட்டியோடயே டிவிஎஸ்ஸ எடுத்துட்டுப் போனாரு, வாழ்க்கைல முத தடவ. முக்கா மணி நேரத்துல திரும்பிட்டாரு. பேரனுக்கு சம்மதம்தான், மகனுக்கு இல்ல, "உங்கப்பன் போயும் விடலயா"ன்னு கத்திருக்காரு.

அத்தை எல்லாத்தையும் கேட்டுட்டு, "பின்னாடி வாளில தண்ணி இருக்கு, குளிச்சுட்டு உள்ள வா"ன்னாங்க. அப்புறம் என்னைப் பாத்து, "அந்த நோட்டுல ஒரு புள்ளி வச்சுரு".