மின்மோட்டாரின் வெப்ப மாதிரி: ஆய்வைத் தொடங்கும் மாணவர்களுக்கு

முதுநிலைப் படிப்பில் மின்மோட்டாரின் வெப்பப் பரிமாற்றத்தை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டவன் என்ற முறையில், இதே துறைக்குள் வருவோருக்கு நான் வலியுறுத்துவது ஒன்றுதான். மென்பொருளில் முப்பரிமாண மாதிரியைத் திறப்பதற்கு முன், வைண்டிங் (கம்பிச்சுருள்), ஸ்டேட்டர் (சுழலாத பகுதி) இரும்பு, வெளிக்கூடு, ரோட்டார் (சுழலும் பகுதி), சுற்றியுள்ள காற்று ஆகியவற்றைத் தனித்தனி முனைகளாகக் கொண்ட ஒரு வெப்பத்தடைச் சுற்றைக் காகிதத்தில் வரைந்து, கையால் கணக்கிட்டுப் பாருங்கள். வெப்ப ஓட்டத்தை மின்னோட்டமாகவும் வெப்பநிலை வேறுபாட்டை மின்னழுத்தமாகவும் கொண்டால், ஓமின் விதி தெரிந்த எவரும் இதைச் செய்துவிடலாம்.

அப்படிக் கணக்கிடும்போதுதான் எந்தத் தடை பெரியது என்பது கண்ணில் படும். ஸ்டேட்டரும் வெளிக்கூடும் இறுகப் பொருந்தியிருப்பதாக வரைபடம் காட்டினாலும், மேற்பரப்புகளின் சொரசொரப்பால் இடையே மெல்லிய காற்றடுக்கு தங்கிவிடுகிறது. காற்றின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு ஏறத்தாழ 0.026 வாட் மட்டுமே என்பதால், 0.03 மில்லிமீட்டர் காற்றடுக்கு, கடத்துதிறன் 25 உள்ள இரும்பில் ஏறத்தாழ 29 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஈடான தடையைத் தருகிறது. கம்பிகள் அமர்ந்திருக்கும் ஸ்டேட்டர் பள்ளமாகிய ஸ்லாட்டுக்குள்ளும் இதே நிலைதான். தாமிரத்தின் கடத்துதிறன் 400-ஐ ஒட்டியிருந்தாலும், கம்பிகளுக்கு இடையிலுள்ள வார்னிஷின் மதிப்பு 0.2 அளவிலேயே இருப்பதால், குறுக்குத் திசையில் வெப்பம் மிகச் சிரமப்பட்டே வெளியேறுகிறது. இந்த மதிப்புகளைச் சரியாகக் கொடுக்காமல் மென்பொருள் மாதிரியைச் சிறு கூறுகளாகப் பிரிக்கும் மெஷ்ஷை மட்டும் நுணுக்கமாக்குவதில் பயனில்லை.

வாய்மொழித் தேர்வில் தடுமாறவைக்கும் ஓரிடம் உண்டு. சீராக வெப்பம் பிறக்கும் ஒரு தகட்டை இருபுறமும் குளிர்வித்தால், அதன் சராசரி வெப்பநிலை உயர்வு, நடுவிலுள்ள உச்ச உயர்வில் மூன்றில் இரண்டு பங்குதான். அந்தச் சராசரியை ஒரு முனையாகக் காட்டும் T வடிவச் சுற்றில், தகட்டின் மொத்தத் தடையில் பாதி அளவுள்ள இரண்டு தடைகள் இரு பக்கமும் நிற்க, மொத்தத் தடையில் ஆறில் ஒரு பங்கு அளவுள்ள எதிர்க்குறித் தடை ஒன்று நடுவில் வரும். எதிர்க்குறித் தடை எப்படி இருக்க முடியும் என்று தேர்வாளர் கட்டாயம் கேட்பார். வெப்பம் ஒரே புள்ளியில் பிறக்காமல் தகடு முழுவதும் பரவிப் பிறப்பதைச் சரிக்கட்டும் கணிதக் கருவி அது. அந்தத் தடைக்குரிய பொருள் எதுவும் மோட்டாருக்குள் இல்லை. இரு பக்கத்துப் பாதித் தடைகளும் இணையாக நின்று தரும் கால் பங்கிலிருந்து ஆறில் ஒரு பங்கைக் கழித்தால், சராசரி முனைக்குரிய தடையாகப் பன்னிரண்டில் ஒரு பங்கு கிடைப்பதை நீங்களே ஒருமுறை எழுதிப் பார்த்திருந்தால், இக்கேள்விக்குத் தயங்காமல் விடை சொல்லலாம்.

இழப்பை, அதாவது மோட்டாருக்குள் வெப்பமாக மாறும் மின்திறனை, மாறிலியாக வைத்துக்கொள்வதும் பொருந்தாது. தாமிரக் கம்பி 20 டிகிரி செல்சியஸிலிருந்து 120 டிகிரிக்குச் சூடேறினால் அதன் மின்தடை ஏறத்தாழ 39 விழுக்காடு கூடும். மின்னோட்டம் மாறாதபோது நேர்மின்னோட்டத் தாமிர இழப்பும் அதே விகிதத்தில் உயரும். எனவே வெப்பநிலையைக் கண்டபின் இழப்பைத் திருத்தி, விடை நிலைபெறும்வரை மீண்டும் கணக்கிட வேண்டும். வைண்டிங்கின் F வகை மின்காப்புக்குரிய வெப்பநிலை வரம்பாகிய 155 டிகிரியை நெருங்கி இயங்கும் மோட்டாரில் இந்தத் திருத்தத்தை விட்டுவிடவே கூடாது.

ஆய்வகத்தில் முடிவைச் சரிபார்க்கும்போது, வைண்டிங்கின் மின்தடையை அளந்து பெறும் வெப்பநிலை சராசரியே என்பதால், அதை மாதிரியின் சராசரி முனையோடுதான் ஒப்பிட வேண்டும். உச்ச வெப்பநிலையோடு ஒப்பிட்டுவிட்டு மாதிரி தவறென்று முடிவுகட்டிவிடக் கூடாது. மின்சாரத்தை நிறுத்திய நொடியிலிருந்தே வைண்டிங் ஆறத் தொடங்கிவிடுவதால், ஒரே ஓர் அளவீட்டோடு நின்றுவிடாமல், சீரான இடைவெளியில் மின்தடையைக் குறித்துக்கொண்டு, அந்த வளைகோட்டை நிறுத்திய கணத்துக்குப் பின்னோக்கி நீட்டி அங்குள்ள மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.