வெள்ளித் தகட்டில் புடைப்பு வேலை: நான்காம் சுற்று வரை

புடைப்பு வேலை என்றால் தகட்டைப் பின்பக்கமிருந்து அடித்து உருவத்தை முன்பக்கம் எழுப்புவது. எடுத்தது 925 வெள்ளித் தகடு (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி செம்பு). விட்டம் 100 மி.மீ., கனம் 0.7 மி.மீ., எடை 57 கிராம். பழைய அலங்காரத் தட்டுகளில் காணும் இலைக்கொடி வளையத்தை 6 மி.மீ. உயரத்துக்கு எழுப்புவதுதான் திட்டம். தகடு 0.5 மி.மீ.க்குக் கீழே போனால் முகட்டில் கிழியும். 1 மி.மீ. தாண்டினால் உளிக்கு மசியாது, நரம்புக்கோடுகள் மழுங்கிவிடும்.

முதல் தலைவலி அரக்கு, அதாவது அடிக்கும்போது தகட்டைத் தாங்கிப் பிடிக்கும் படுக்கை. குங்கிலியமும் சலித்த செங்கல் பொடியும் எடைக்கு எடை, அதோடு பத்தில் ஒரு பங்கு எண்ணெய் என்று காய்ச்சியதில் கெட்டியாகிவிட்டது. உளி பட்ட இடமெல்லாம் சில்லாகத் தெறித்துத் தகடு கழன்றது. எண்ணெயைச் சற்றுக் கூட்டியதும் பதம் வந்தது. நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், உடையக் கூடாது. அதுதான் கணக்கு.

முன்பக்கம் கோடு இழுத்து, திருப்பிப் போட்டு, பின்பக்கமிருந்து உருண்டை முனை உளியால் இலைகளை எழுப்பியாயிற்று. மறுபடி முன்பக்கம் வேலை செய்யுமுன் பின்பக்கம் விழுந்த குழிகளை உருகிய அரக்கால் நிரப்பியாக வேண்டும். உள்ளே காற்று தங்கினால் ஒரே அடியில் இலை அமுங்கிவிடும். சுத்திக் காம்பால் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்: நிரம்பிய இடம் மந்தமாக ஒலிக்கும், வெற்றிடம் 'டொக்' என்று காட்டிக்கொடுக்கும்.

அடிக்க அடிக்க வெள்ளி விறைக்கும். அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் அரக்கிலிருந்து எடுத்து, டர்பன்டைனில் துடைத்து, 600 முதல் 650 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி இளக்க வேண்டும். மங்கலான வெளிச்சத்தில் லேசான சிவப்பு தெரிந்தால் போதும். 800ஐத் தொட்டால் இந்த வெள்ளி-செம்புக் கலவை உருகத் தொடங்கிவிடும். அரக்குக்குப் பதில் ஈயக் கட்டியில் வைத்து அடிப்பவர்களும் உண்டு. ஒரு துணுக்கு ஈயம் ஒட்டியிருந்தாலும் காய்ச்சும்போது வெள்ளியை அரித்து ஓட்டை போட்டுவிடும். அந்தக் குறுக்குவழி வேண்டவே வேண்டாம்.

காய்ச்சிய கருமை போக அமிலக் குளியல். இதில் இரும்புக் குறடு பட்டால் வெள்ளிமேல் செம்பு படியும். செம்புக் குறடே சரி.

நான்காம் சுற்றில் ஒரு இலை நுனி வெடித்தது. காரணம் எளிது. மூன்றாம் சுற்றுக்குப் பிறகு காய்ச்சாமலே தொடர்ந்து அடித்தது, அதுவும் ஒரே புள்ளியில். சுற்றிலுமுள்ள உலோகத்தை நுனிப்பக்கம் தள்ளிக்கொண்டு வந்திருந்தால் தகடு மெலிந்திருக்காது. டச்சு வெள்ளிக் கைவினைஞர் ஆடம் வான் வியானன் 1614இல் செய்த குடுவை ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே தகட்டிலிருந்து அடித்து எழுப்பியது. அந்த ஆழத்துக்கு உலோகத்தை நகர்த்தியிருக்கிறார் என்பது, 6 மி.மீ.க்கே தகடு கிழிந்த பிறகுதான் உறைக்கிறது.

வெடிப்புக்குப் பின்பக்கம் வெங்காரம் தடவி, உயர் உருகுநிலைப் பற்றாசுப் (உலோகத்தை ஒட்டவைக்கும் கலவை) பொடி வைத்து ஊதியதில் பிடித்துக்கொண்டது. எளிதில் உருகும் பற்றாசு வைத்தால் அடுத்த காய்ச்சலிலேயே இளகிவிடும்.

திரும்பத் திரும்பக் காய்ச்சி அமிலத்தில் போட்டதில் மேற்பரப்புச் செம்பு கரைந்து, தூய வெள்ளியாலான வெண்தோல் படிந்திருக்கிறது. பழம்பொருட்களின் மென்மையான நிறத்துக்கு இதுவும் ஒரு காரணம். மோட்டார் பஃப் (சுழலும் மெருகுச் சக்கரம்) வைத்தால் தோல் உரிந்து, அடியில் காய்ச்சும்போது செம்பு கருத்து உண்டான சாம்பல்நிறத் தீக்கறை திட்டுத்திட்டாக வெளியே வரும். எனவே மெருகு கையால், முகடுகளுக்கு மட்டும். பள்ளங்களைத் தொடவில்லை. அடுத்த வேலை விளிம்பை மடித்துக் கம்பி பொருத்துவது.