தீரன் கக்கும் மலை

நாவலின் மூன்றாவது வரைவில் 41 அத்தியாயங்களுக்கு 34 முடிந்துவிட்டன. போன மாதமும் இதே 34-இல்தான் நின்றேன். நடுவில் ஒருமுறை 9-க்கு இறங்கி, மறுபடி ஏறி வந்திருக்கிறேன். முதல் இரண்டு வரைவுகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உட்கார்ந்தேன், எழுதினேன், முடிந்தது. இறங்கி ஏறிய கதைதான் இது.

ஆரம்பம் ஒரு நல்ல யோசனை. என் கைப்பிரதியை எப்போதும் முதலில் படிக்கும் தோழி, "கனல், கயல், கவின் என்று மூன்று பேர். யார் வாளை எடுத்தார், யார் கீழே விழுந்தார் என்று இரண்டு பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது" என்றாள். நியாயம்தான். கனலின் பெயரைத் தீரன் என்று மாற்றுவதாக முடிவு செய்தேன். தேடு, மாற்று, அனைத்தையும் மாற்று. 743 இடங்களில் மாற்றப்பட்டது என்று திரையில் வந்தது. அப்படியே சேமித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

என் கதையில் மந்திரமே நெருப்பை வைத்துத்தான். கனல் என்பது ஒரு ஆள் பெயர் மட்டும் இல்லை என்பது எனக்கு மறுநாள் காலையில்தான் உறைத்தது. வடக்கு எல்லையில் இருந்த கனல் கக்கும் மலை, தீரன் கக்கும் மலை ஆகியிருந்தது. கிழட்டு மந்திரவாதிக்குக் கோபம் வந்தால் கண்ணில் தீரன் பறந்தது. 

சிரித்துக்கொண்டே திருத்த ஆரம்பித்தேன். ஒரு மணி நேரத்தில் சிரிப்பு போய்விட்டது. தோழியிடமிருந்து செய்தி: "தீரனுக்கு ஒரு தம்பி இருக்கானா? கதவைத் திறந்தது தீரன், ஆனா அம்பு கனலைத் தாக்குதே?"

தமிழில் எழுதுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனியுங்கள். 'கனல்' என்று தேடினால் 'கனல்' மட்டும்தான் கிடைக்கும். 'கனலை', 'கனலுக்கு', 'கனலோடு' எதுவும் கிடைக்காது. ல் மேல் இருக்கும் புள்ளி, வேற்றுமை உருபு வந்ததும் போய்விடுகிறது. நம் கண்ணுக்கு அது ஒரே பெயர். கணினிக்கு வேறு எழுத்துக் கோவை. ஆக, எழுவாயாக வரும்போதெல்லாம் தீரன், மற்ற வேற்றுமைகளில் எல்லாம் கனல். 34-ஆம் அத்தியாயம் வரை இப்படி.

பழைய பிரதிக்குத் திரும்பலாம் என்றால், கடைசியாகத் தனியாக எடுத்து வைத்த கோப்பு 19 நாள் பழையது. அந்த 19 நாளில்தான் கோட்டை முற்றுகையை முழுசாகத் திருப்பி எழுதியிருந்தேன். வேறு வழியில்லை, ஒன்பதாம் அத்தியாயத்தில் கனல் அறிமுகமாகும் இடத்திலிருந்து வரிவரியாக இறங்கினேன்.

பாதி தூரம் போன பிறகு ஒரு குறுக்குவழி கிடைத்தது. புள்ளியை விட்டுவிட்டு 'கனல' என்று தேடி, 'தீரன' என்று மாற்றினால், பின்னால் ஒட்டியிருக்கும் புள்ளியோ ஐகாரமோ உகரமோ அப்படியே புது எழுத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. 'கனலை' 'தீரனை' ஆகிறது, 'கனலுக்கு' 'தீரனுக்கு' ஆகிறது. என் மென்பொருளில் நடந்தது. உங்களுடையதில் நடக்கிறதா என்று ஒரு பக்கத்தில் சோதித்துப் பாருங்கள். புதுப் பெயரும் மெய்யெழுத்தில் முடிய வேண்டும். யாழினி, நிலா மாதிரிப் பெயர் வைத்தால் இது உதவாது. 'அனைத்தையும் மாற்று' பொத்தானை மட்டும் தொடவே தொடாதீர்கள், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். அதற்கும் முன்னால் தேதி போட்டு ஒரு பிரதி.

இந்த வேதனைக்கு நடுவில் உர்சுலா லெ குவினின் 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ'யை (1968) மறுபடி எடுத்தேன். அந்த உலகத்தில் ஒன்றின் உண்மைப் பெயர் தெரிந்தவருக்கு அதன் மேல் அதிகாரம் உண்டு. வேறு சமயமாக இருந்தால் ரசித்திருப்பேன். அன்றைக்குப் பெயர் என்ற சொல்லைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. இருந்தாலும் இரண்டு நாளில் முடித்துவிட்டேன், அவ்வளவு சின்னப் புத்தகம், அவ்வளவு கடல்.

வாள்களைப் பற்றி ஒரு தடிப் புத்தகமும் படித்தேன். மூன்று வாரம் போனது. மிஞ்சியது ஒரு வரி: ஒற்றைக்கை வாள் பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவைத் தாண்டாது. என் கவின் அதைத் தூக்க முடியாமல் தள்ளாடும் காட்சியை வெட்டினேன். நல்ல காட்சி, போகட்டும்.

வரிவரியாகப் படித்ததில் அடுத்த பூதம் வெளியே வந்தது. ஏழாம் அத்தியாயத்தில் முடிசூட்டு விழா, பௌர்ணமி. பதினைந்தாம் அத்தியாயத்தில் படகில் தப்பிக்கிறார்கள், அதுவும் பௌர்ணமி. இடையில் பதினோரு நாள்! போதாக்குறைக்கு அந்த முழுநிலவை நடுநிசியில் கிழக்கே எழ வைத்திருந்தேன். புறநானூற்றின் 65-ஆம் பாட்டில் கழாத்தலையார் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: உவா நாளில், அதாவது பௌர்ணமியில், சூரியன், நிலா என்ற இரண்டு சுடர்களும் எதிரெதிரே பார்த்துக்கொள்ள, ஒன்று மாலையில் மலைக்குப் பின்னால் மறைகிறது. முழுநிலவு எழுவது சூரியன் மறையும் வேளையில்தான். அதன் பிறகு நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தள்ளித் தள்ளி எழும். பதினோராம் இரவு என்றால் விடியற்காலை மூன்று மணி வாக்கில் ஒரு தேய்பிறைக் கீற்று. அடுத்த பௌர்ணமிக்கு இருபத்தொன்பதரை நாள்.

"உன் உலகம்தானே, இரண்டு நிலா வைத்துக்கோ" என்றாள் தோழி. வைக்கலாம். ஆனால் ஓதமும், அதாவது கடல்மட்டமும், இரண்டு நிலாவின் கணக்கில் ஏறி இறங்க வேண்டும். படகு முகத்துவார மணல்திட்டைத் தாண்டுவதே ஓதம் ஏறுவதால்தான். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீனும் இதில் மாட்டியிருக்கிறார். எழுதிக்கொண்டிருக்கும் கதையில் நிலாக்கள் நடக்க முடியாத வேலையெல்லாம் செய்கின்றன என்று 1944-இல் மகனுக்குக் கடிதம் போட்டிருக்கிறார். அதைப் படித்த பிறகு அன்றிரவு கொஞ்சம் சாப்பிட முடிந்தது.

வழி ஓதத்திலேயே இருந்தது. சூரியன், நிலா, பூமி ஒரே கோட்டில் வரும்போது கடல் அதிகம் பொங்கும். அது பௌர்ணமிக்கு மட்டும் இல்லை, அமாவாசைக்கும்தான். பழந்தமிழில் உவா என்ற சொல்லே இரண்டு நாளுக்கும் வழங்கியிருக்கிறது. எத்தனை வருஷமாகத் தெரிந்த சொல், கதைக்கு உதவும் என்று தோன்றவே இல்லை. அமாவாசை என்றால் பதினோரு நாளைப் பதினைந்தாக இழுத்தால் போதும். ஆற்றில் வெள்ளம் வர வைத்து நாலு நாள் அக்கரையில் நிறுத்திவிட்டேன். காவலர்கள் கண்ணில் படாமல் படகு எப்படிப் போனது என்று இரண்டு வரைவுகளாக விடை இல்லாமல் கிடந்த கேள்விக்கும் இப்போது விடை உண்டு. இருட்டு.

அந்த நாலு நாளுக்கு எழுதிய புது அத்தியாயத்தில் கயலும் தீரனும் நனைந்த கூடாரத்துக்குள் சண்டை போடுகிறார்கள். நாவலிலேயே எனக்கு இப்போது அதுதான் பிடித்திருக்கிறது. இன்னும் ஏழு அத்தியாயம்.

நேற்று ராத்திரி பத்து மணிக்குத் தோழி ஒரு வரியைப் படம் எடுத்து அனுப்பினாள். 29-ஆம் அத்தியாயம், பனிக்கணவாய். "குகைக்குள் தீரன் மூட்டிக் குளிர்காய்ந்தார்கள்."