நாலு கவருக்குள் நெத்திலி

தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு ஏசி ஸ்லீப்பர் பஸ். பையில் அரைக் கிலோ நெத்திலிக் கருவாடு. "நாலு கவர் போட்டு ரப்பர் பேண்டும் மாட்டிருக்கேன். காத்துகூட வெளிய வராது" என்று அம்மா உத்தரவாதம் கொடுத்திருந்தாள்.

கருவாடு வராதுதான். திடப்பொருளாச்சே, அதன் துகள்கள் நின்ற இடத்தில் நின்று நடுங்குமே தவிர, எழுந்து ஊர் சுற்றாது. ஊர் சுற்றுவது வாடை. மீன் வாடைக்கு முக்கியக் காரணம் ட்ரைமெத்தில் அமீன் என்ற வேதிப்பொருள். 3 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து வாயுவாகிவிடும். பாலித்தீன் வழியாகவும் மெல்லக் கசியும். சாதாரண வெப்பநிலையில் அதன் மூலக்கூறு விநாடிக்குச் சுமார் 300 மீட்டர் பாயும். மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல்! எங்கள் டிரைவர் எண்பதைத் தாண்டவில்லை.

அந்தக் கணக்குப்படி பஸ் கிளம்பும் முன்பே மாட்டியிருக்க வேண்டும். எட்டயபுரம் வரை ஒன்றுமில்லை. ஏனென்றால் அந்த மூலக்கூறு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போவதற்குள் காற்று மூலக்கூறு எதன்மேலாவது முட்டித் திசைமாறிவிடுகிறது. திருவிழாக் கூட்டத்தில் மாட்டிய சைக்கிள்காரன் கதி. வாயுத் துகளுக்கு இவ்வளவு வேகமென்றால் சாப்பாட்டு வாசனை அறையின் மறுகோடிக்கு வர ஏன் இத்தனை நேரம் என்று டச்சு அறிஞர் பாய்ஸ் பாலட் கேட்டாராம். இந்த மோதல்தான் காரணம் என்று 1858-இல் ஜெர்மன் இயற்பியலாளர் கிளாசியஸ் விளக்கினார்.

அவர் ஏசி பஸ்ஸைப் பார்த்ததில்லை. டிரைவர் ப்ளோயரைக் கூட்டினார். அருப்புக்கோட்டைக்குள் வாடை எல்லா பெர்த்துக்கும் சமமாகப் பட்டுவாடா ஆகிவிட்டது.

"யாருய்யா கருவாடு வச்சிருக்கது?" என்று கிளீனர் திரை திரையாக விலக்கி மோந்துகொண்டே வந்தார். எதிர் பெர்த் அக்கா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மனுஷன் எப்படித் தூங்குறது?" என்று என்னையே முறைத்தார். புளி இருந்தால் தப்பித்திருக்கலாம். அதன் அமிலத்தோடு சேர்ந்தால் இந்த அமீன் உப்பாகி, பறக்கமுடியாமல் கிடக்கும். ஓடுகிற பஸ்ஸில் புளிக்கு எங்கே போவது?

அப்போது மேல் பெர்த்திலிருந்து ஒரு பெரியவர் தலையை நீட்டினார். கண்ணை மூடி ஒரு தடவை இழுத்தார்.

"நெத்திலி மட்டுமில்லடே. சாளையும் சேந்து வருது."

என்னிடம் சாளை கிடையாது. அக்கா தன் பையை மெதுவாகக் காலடிக்குள் தள்ளினார். கிளீனர் முன்பக்கம் போனதும் கைக்குட்டையை இறக்கி, குசுகுசுவென்று கேட்டார்:

"தம்பி, நெத்திலி எந்தக் கடையில வாங்குனீங்க?"