மூன்று பூட்டுப் பெட்டி

கம்பாலா நகரின் கிசென்யி பகுதியில் தானிய ஆலைகள் நெருக்கமாக இருக்கின்றன. லாரிகளிலிருந்து மூட்டைகள் இறங்கும்போது சிந்துகிற மக்காச்சோளத்தையும் பீன்ஸையும் கூட்டி அள்ளி, மண் போகப் புடைத்து, கிண்ணக் கணக்கில் விற்றுப் பிழைக்கும் பெண்களில் பலர் உகாண்டாவின் வடகிழக்கிலுள்ள கரமோஜா பகுதியிலிருந்து வந்தவர்கள். ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தின் கணக்குகளைப் பார்த்துக்கொள்ள உகாண்டா சென்ற எனக்கு, கரமோஜோங் மக்களோடு முதல் அறிமுகம் அங்கேதான் ஏற்பட்டது. அவர்களுடைய பிள்ளைகளை அதற்கு முன்பே, சாலைச் சந்திப்புகளில் கையேந்தி நிற்கும்போது பார்த்திருந்தேன்.

தெருவிலிருந்து மீட்கப்படும் குழந்தைகளைச் சில மாதங்கள் வைத்துத் தேற்றி, பேருந்தில் கரமோஜாவின் நபாக் மாவட்டத்துக்கு அழைத்துச் சென்று குடும்பத்தாரிடம் ஒப்படைப்பதே எங்கள் நிறுவனத்தின் முதன்மையான பணி. ஒரு குழந்தைக்கு ஆகும் செலவை நான் வரவு செலவு ஏட்டில் எழுதி வந்தேன். ஓராண்டுக்குள் ஒரே சிறுமியின் பெயர் இரண்டாம் முறை வந்தபோது பட்டியல் எழுதியவர் தவறு செய்துவிட்டார் என்றே முதலில் எண்ணினேன். தவறில்லை என்று தெரிந்ததும், அடுத்த பயணத்தில் நானும் உடன் சென்றேன்.

நபாக்கில் அந்தச் சிறுமியின் தாயைப் பார்த்த பிறகுதான், நாங்கள் செய்துகொண்டிருந்தது பாதி வேலைகூட இல்லை என்பது புரிந்தது. ஆண்டுக்கு ஒரே ஒரு மழைப்பருவத்தை நம்பியிருக்கும் வறண்ட நிலம் அது. மாடுதான் செல்வம், உணவு, பெண்ணுக்கு அளிக்கும் பரிசம் எல்லாமே. 1979இல் இடி அமீன் ஆட்சி வீழ்ந்தபோது கரமோஜாவின் மொரோட்டோ நகரிலிருந்த படைமுகாமின் ஆயுதக்கிடங்கு சூறையாடப்பட்டதிலிருந்து, ஈட்டியோடு நடந்துவந்த மாட்டுக்கொள்ளை துப்பாக்கியோடு நடக்கத் தொடங்கியது. மக்களிடமிருந்து துப்பாக்கிகளைக் களையும் பணியில் அரசு 2001இலும் 2006இலும் இறங்கியது. சில ஆண்டுகள் அமைதி நிலவியபின், 2019 வாக்கில் கொள்ளைகள் மீண்டும் தலைதூக்கின. கொள்ளையைத் தடுப்பதற்காக மாடுகள் படைமுகாம்களை ஒட்டிய பட்டிகளில் அடைக்கப்பட்ட இடங்களில், வீட்டிலிருந்த பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பால் இல்லாமல் போயிற்று. மாட்டைக் காப்பாற்றும் ஏற்பாடு குழந்தையின் வாயிலிருந்து பாலைப் பிடுங்கியதை நான் எந்த அறிக்கையிலும் படித்து அறியவில்லை. அந்தத் தாய் தன் மடியிலிருந்த கைக்குழந்தையைக் காட்டியே சொன்னார்.

அங்கே குடிசை கட்டுவது, முள்வேலி அடைப்பது, சோளம் விதைத்துக் களையெடுப்பது, தண்ணீரும் விறகும் சுமப்பது எல்லாம் பெண்களின் வேலை. வறட்சி வந்தால் விறகும் கரியும் விற்பார்கள். அல்லது சோளத்தில் பானம் காய்ச்சி விற்பார்கள். காய்ச்சியபின் எஞ்சும் சக்கைதான் பல நாள் குழந்தைகளின் காலை உணவு. அதில் கொஞ்சம் போதை உண்டு என்பதும் தாய்க்குத் தெரியும். இந்த நிலையில், நகரத்தில் வேலை இருக்கிறது என்று யாராவது வந்து மகளைக் கேட்டால், ஒரு வயிறு குறையும் என்று அவர் அனுப்பிவிடுகிறார். நாங்கள் அந்தச் சிறுமியை அழைத்துவந்து விட்டது அதே பானையின் முன்னால்தான்.

அதன்பிறகு தாய்மார்களின் சேமிப்புக் குழுக்களைத் தொடங்கும்படி வாதாடினேன். தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழுக்களைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் வங்கி இல்லாமல் இது நடக்குமா என்ற ஐயம் எனக்கு இருந்தது. ஆனால் 1991இல் நைஜர் நாட்டில் தொடங்கி ஆப்பிரிக்கா முழுவதும் பரவிய முறை ஒன்று உண்டு: மூன்று பூட்டுகள் கொண்ட ஓர் இரும்புப் பெட்டி, மூன்று பெண்களிடம் மூன்று சாவிகள், எழுதப் படிக்கத் தெரியாதவரும் தன் சேமிப்பை எண்ணிப் பார்க்க, கையேட்டில் முத்திரைகள். அந்தச் சிறுமியின் தாய் ஒரு சாவியைப் பெற்றார். அதைக் கழுத்து மணிமாலையில் கோத்துக்கொண்டார். குழுவிலிருந்து கடன் வாங்கி விதையும் ஒரு கோழியும் வாங்கினார். சிறுமி தம்பியை முதுகில் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். அங்கே மதியம் கஞ்சி கிடைத்தது. பள்ளியில் கஞ்சிப்பானை ஏறாத நாள்களில் வருகைப் பதிவேடும் வெறுமையாக இருக்கும் என்று ஆசிரியர் சொன்னதை, நன்கொடையாளர்களுக்கு நான் எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் சேர்த்தேன்.

2022இல் பஞ்சம் வந்தது. கரமோஜாவில் மக்கள் பசியால் இறந்தார்கள். எங்கள் குழு தன் பணம் முழுவதையும் எடுத்துப் பகிர்ந்து சோளம் வாங்கியது. திட்டம் தோற்றுவிட்டதாக எங்கள் அலுவலகத்தில் ஒருவர் குறிப்பு எழுதினார். நான் அதை ஏற்கவில்லை, இன்றும் ஏற்கமாட்டேன். அந்தப் பணம் எதற்காகச் சேர்ந்ததோ அதற்கே செலவாயிற்று. அடுத்த வாரக் கூட்டத்துக்கு நான் சென்றிருந்தபோது பெண்கள் வழக்கம்போல் மரத்தடியில் வட்டமாக அமர்ந்திருந்தார்கள். போடுவதற்கு ஒருவரிடமும் காசு இல்லை. ஆயினும் பெட்டியைத் திறந்து அனைவருக்கும் காட்டி, மூன்று பூட்டுகளையும் பூட்டி, சாவியை அவரவர் எடுத்துக்கொண்டு விறகுக்குப் புறப்பட்டார்கள்.