அரிசி வந்தது, பிறப்புப் பத்திரம் வர நாளானது

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் யாருக்காவது கஷ்டம் என்று கோயில் பக்கம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுநாளே அரிசி வந்துவிடும். சின்னப் பிள்ளையோடு கடைவீட்டு மாடி அறையில் தங்கியிருந்த அந்த இலங்கைத் தங்கச்சிக்கும் அரிசி, பருப்பு, மைலோ, பெம்பர்ஸ் எல்லாம் வந்தன. கொண்டுவந்தவர்களில் ஒருவர் பொருளோடு நிற்கச் சொல்லிப் படம் எடுக்கப் பார்த்தார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். நன்கொடையாளர்களுக்குக் கணக்குக் காட்ட ரசீது இருக்கிறது. அதற்கு அந்தத் தங்கச்சியின் முகம் எதற்கு?

உண்மையில் அவருக்குத் தேவைப்பட்டது வேறு. "அக்கா, பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயமாக் கிடக்கு" என்றார். மலேசியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை இருந்தாலும் அது வேலை பெர்மிட் ஆகாது. ஆனால் அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி குறையும். அவரிடம் அந்த அட்டை இருந்தது, பிள்ளைக்கு இல்லை. பிள்ளையை அவருடைய கோப்பில் சேர்க்கப் பிறப்புப் பத்திரம் வேண்டும். பதிவு அலுவலகத்துக்குள் நுழையப் பயந்தே அவர் அதை எடுக்காமல் விட்டிருந்தார்.

காலம் தாண்டிய பதிவு என்பதால் வேலை கூடிப்போனது. தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் மலாய் படிவங்களை நிரப்பித் தந்தார். பிரசவம் பார்த்த மருத்துவமனையின் உறுதிக் கடிதம் சுலபமாகக் கிடைத்தது. இழுத்தடித்தது திருமணப் பத்திரம்தான். கைப்பேசியில் இருந்த படம் செல்லாது, அசல் வேண்டும். வவுனியாவிலிருந்து அவருடைய அம்மா கூரியரில் அனுப்பினார். அது தமிழில் இருந்ததால் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மலாயில் எழுதி வாங்கினோம்.

அந்தச் செலவுக்கும் கோலாலம்பூர் ரயில் டிக்கெட்டுக்கும் நன்கொடைப் பணத்தை எடுத்தபோது கமிட்டியில் முணுமுணுப்பு. "சாப்பாட்டுக்குத்தானே வசூல் பண்ணோம்?" என்றார்கள். ஐயா ரசீதுகளை மேசையில் வைத்துவிட்டு, "ஆஸ்பத்திரி பில்லு பாதியா குறைஞ்சா, அந்தக் காசுல எத்தனை மாசம் சோறு பொங்கலாம்னு நீங்களே கணக்குப் போடுங்கப்பா" என்றார். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

இடையில் ஓர் 'ஏஜெண்டு' வந்து, பணம் கொடுத்தால் அட்டையை உடனே எடுத்துத் தருவதாகச் சொன்னார். ஆணையம் எந்தச் சேவைக்கும் காசு வாங்குவதில்லை. இதே நிலையில் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்.

பத்திரம் கைக்கு வந்தது. அதில் குடியுரிமை இல்லாதவர் என்றுதான் இருக்கிறது, ஆனால் பிள்ளையின் பெயரும் தாயின் பெயரும் பிழையில்லாமல் இருந்தன. கோப்பில் சேர்ப்பதற்கான தேதியும் கிடைத்துவிட்டது. அடுத்து பாலர் பள்ளி. அகதிப் பிள்ளைகளுக்கான கற்றல் மையங்கள் பெரும்பாலும் கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில்தான் இருக்கின்றன. அதனால் இங்கேயே ஒரு தனியார் பாலர் பள்ளியில் பேசி வைத்திருக்கிறோம். மாதக் கட்டணத்தை நாலைந்து குடும்பங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. சீருடைக்கு மட்டும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.