ஜாமீன் கிடைத்தும் உள்ளேயே இருந்த தம்பி

கட்டிடக் கம்பி திருடியதாக வழக்குப் போட்டு, என் தம்பியை ரிமாண்ட் செய்து அரசரடி மத்திய சிறைக்கு அனுப்பினார்கள். அவன் கொத்தனார், நான் வீட்டு வேலை பார்க்கிறவள். சொந்த ஊர் கமுதிப் பக்கம்; பிழைப்பு மதுரை வில்லாபுரத்தில், வாடகை வீட்டில். வெளியே விசாரித்ததில் ஒரு வக்கீல் கேட்ட பீஸ், என் பல மாதச் சம்பளம்.

தம்பியைப் பார்க்க மனுக் கொடுத்துச் சிறைக்குப் போனால், அங்கே வந்துபோகும் சட்டத் தன்னார்வலர் ஒருவர் தம்பியிடம் ஏற்கெனவே விண்ணப்பம் எழுதி வாங்கியிருந்தார். "காவல்ல இருக்கிறவங்களுக்கு வக்கீல் இலவசம்க்கா. வருமானச் சான்று கேட்க மாட்டாங்க" என்றார். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987, பிரிவு 12. பெண்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கும்கூட அப்படித்தான். இதை ஸ்டேஷனிலேயே யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த இலவச வக்கீலை அமைத்துத் தருவது மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு; மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் அதன் அலுவலகத்துக்குப் போனேன். குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் நிற்பதற்கென்றே முழுநேர வக்கீல்களை வைக்கும் திட்டத்தை 2022-ல் தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கொண்டுவந்திருக்கிறது. அவர்கள் வெளிக் கேஸ் எடுக்கக் கூடாது. எங்களுக்கு அமைந்த வக்கீலம்மா, திருடினானா இல்லையா என்று தொடங்கவில்லை. எந்த நேரத்தில் பிடித்தார்கள், வீட்டுக்கு யார் தகவல் சொன்னது, கம்பியை எங்கே எடுத்ததாக எழுதியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். "இந்த மாதிரி வழக்குல 60 நாளைக்குள்ள குற்றப்பத்திரிகை போடலைன்னா ஜாமீன் அவன் உரிமைம்மா. ஆனா அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம்" என்று அப்போதே மனுப் போட்டார். முதல் மனு தள்ளுபடி. அடுத்ததில் ஜாமீன் கிடைத்தது.

எங்களை நிஜமாகவே திணறடித்தது அதற்கப்புறம்தான். இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும். ஒருவர் ரத்த உறவு, அதற்கு நான் இருந்தேன். இன்னொருவர் சொத்து வரி ரசீதோடு வர வேண்டும், அதுவும் உள்ளூர்க்காரராக. வாடகைக்கு இருக்கிற எங்களுக்கு மதுரையில் வீட்டு ரசீதை நம்பிக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? காசு வாங்கிக்கொண்டு ஆள் பிடித்துத் தருவதாக ஒருவர் வந்தார். வக்கீலம்மா கண்டிப்பாக வேண்டாம் என்றுவிட்டார்.

கமுதியிலிருந்து சித்தப்பா வரத் தயார், அங்கே வீடு அவர் பேரில்தான் இருக்கிறது என்றேன். உள்ளூர் ஜாமீன்தாரரே வேண்டும் என்று கேட்பதால்தான் பலர் வெளியே வர முடியாமல் கிடக்கிறார்கள் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொன்னதைக் காட்டி, நிபந்தனையைத் தளர்த்த அவர் மனுப் போட்டார். சித்தப்பாவை ஏற்றுக்கொண்டார்கள். தம்பி வீட்டுக்கு வந்தான்.

வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு அதே வக்கீலம்மாதான் வருகிறார். இதுவரை ஒரு ரூபாய் வாங்கவில்லை. ஜாமீன் உத்தரவாகி ஏழு நாளாகியும் ஆள் வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளரே ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அந்த 2023 உத்தரவில் இருக்கிறது. உங்கள் வீட்டாள் அப்படிச் சிக்கியிருந்தால், அவர்கள் தெரிவிக்கட்டும் என்று இருக்காமல் நீங்களே செயலாளர் பேருக்கு ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுங்கள். நேரில் போக முடியாவிட்டால் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள்.